சட்டமும் மனச்சாட்சியும் – 9: நீதிமன்றத்தைச் சுற்றிய சங்கிலி

மனிதர் இயற்றும் சட்டங்களுக்கு மேலாக, எந்த அரசனாலும் எந்த மன்றத்தாலும் மாற்ற இயலாத ஓர் அறநெறி உண்டு என்னும் கருத்து சிசரோவின் காலம் தொட்டு மேலைச் சிந்தனையில் இருந்துவந்த போதிலும், அது பெரும்பாலும் மடாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலுமே வாழ்ந்தது. அதைக் கொண்டு தன் அன்றாடச் செயலைத் தீர்மானிக்க வேண்டிய நெருக்கடி சாதாரணக் குடிமகனுக்கு அரிதாகவே நேர்ந்தது. 1850-க்கும் 1861-க்கும் இடையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமாநிலங்களில் அந்த நெருக்கடி ஊர்தோறும் எழுந்தது. அதை எழுப்பியது புதிய தத்துவ நூல் எதுவும் அன்று. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவரைப் பிடித்துக் கொடுக்க உதவுமாறு வழிப்போக்கர்களுக்கும் கட்டளையிட்ட ஒரு சட்டமே, அதுவரை மேடைப் பேச்சாக இருந்த ஒன்றை ஒவ்வொருவரின் வாசலுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

முந்தைய பகுதியில் கண்டவாறு, 1772-இல் லண்டனில் சாமர்செட் வழக்கைத் தீர்த்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, அடிமைமுறை இயற்கைக்கு முரணானது என்பதால் அதைத் தாங்கி நிற்க வெளிப்படையாக இயற்றப்பட்ட சட்டம் ஒன்று வேண்டும் என்றும், இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் இல்லை என்றும் கூறியிருந்தார். பகுத்தறிவால் உணரத்தக்கதும் எல்லா மனிதருக்கும் பொதுவானதுமான நெறியை இயற்கைச் சட்டம் என்றும், ஓர் அரசு தன் எல்லைக்குள் வகுத்து நடைமுறைப்படுத்தும் விதியை இயற்றுசட்டம் என்றும் சட்ட அறிஞர் பிரித்துப் பேசுவர். மான்ஸ்ஃபீல்டின் தீர்ப்பை ஏற்றால், அடிமைமுறை இயற்றுசட்டத்தின் எல்லையோடு முடிந்துவிடும். விர்ஜினியாவில் உடைமையாகக் கருதப்பட்டவர் பென்சில்வேனியா மண்ணை மிதித்தவுடன் மனிதராகிவிடுவார். 1787-இல் அரசியலமைப்பை வகுத்தவர்கள் இதை அறிந்திருந்தனர். ஆகவேதான் நான்காவது பிரிவில், ஒரு மாநிலத்தின் சட்டப்படி பணி செய்யக் கடமைப்பட்ட ஒருவர் வேறொரு மாநிலத்துக்குத் தப்பிச் சென்றால் அதனால் விடுதலை பெறமாட்டார், உரியவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. அந்த விதியில் ‘அடிமை’ என்ற சொல் இல்லை.

இவ்விதியை நடைமுறைப்படுத்த 1793-இல் இயற்றப்பட்ட முதற்சட்டம், பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் உடைமையாளரிடமே விட்டிருந்தது. வடமாநிலங்கள் பல, ஆட்கடத்தலைத் தடுக்கும் நோக்கில் தத்தம் சட்டங்களை இயற்றி அதற்குக் குறுக்கே நின்றன. 1837-இல் பென்சில்வேனியாவில் மார்கரெட் மார்கன் என்னும் பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் இரவோடு இரவாக மேரிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட நிகழ்விலிருந்து எழுந்த பிரிக் வழக்கில், 1842-இல் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் எழுதிய நீதிபதி ஜோசப் ஸ்டோரி, அத்தகைய மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்த்தார்; ஆனால் ஒப்படைக்கும் கடமை மத்திய அரசுக்கு உரியது, அதை நிறைவேற்றுமாறு மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே தீர்ப்பில் குறிப்பிட்டார். அந்தச் சிறு இடைவெளியை மாசசூசெட்ஸ் உடனே பற்றிக்கொண்டது. 1843-இல் அது இயற்றிய சட்டம், தப்பியவரைப் பிடிக்கும் பணிக்கு மாநிலச் சிறைகளும் மாநில அலுவலர்களும் பயன்படுவதைத் தடுத்தது. மற்ற மாநிலங்கள் சிலவும் அவ்வழியைப் பின்பற்றின.

1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே வரையப்பட்டது. மெக்சிகோவிடமிருந்து வென்ற நிலங்களில் அடிமைமுறை அனுமதிக்கப்படுமா என்ற பூசலைத் தணிக்க ஹென்றி கிளே முன்வைத்த சமரசத் திட்டத்தில், கலிஃபோர்னியா சுதந்திர மாநிலமாகச் சேர்வதற்கு ஈடாகத் தெற்கு பெற்ற விலை அது. விர்ஜினியாவின் செனட்டர் ஜேம்ஸ் மேசன் வரைந்த இச்சட்டத்தில், செப்டம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் மில்லார்டு ஃபில்மோர் கையொப்பமிட்டார். பிடிபட்டவரின் வழக்கை ஜூரி இல்லாமல் ஆணையர் ஒருவர் சுருக்கமாக விசாரிப்பார். பிடிபட்டவர் தன் சார்பில் சாட்சியம் அளிக்க இயலாது. உரிமை கோருபவருக்குச் சான்றிதழ் வழங்கினால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், மறுத்தால் 5 டாலர். சான்றிதழுக்கு எழுத்து வேலை அதிகம் என்பது இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். வடக்கில் அதை நம்பியவர் மிகச் சிலர். கைது செய்ய மறுக்கும் மார்ஷலுக்கு, அதாவது மத்திய நீதிமன்ற அலுவலருக்கு, 1,000 டாலர் அபராதம். தப்பியவருக்கு அடைக்கலம் தருபவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும், அதற்கு மேல் உடைமையாளருக்கு இழப்பீடும் விதிக்கப்படும். இவை எல்லாவற்றினும் ஆழமாகப் புண்படுத்திய வாசகம் வேறொன்று: அழைக்கப்படும்போது நல்ல குடிமக்கள் அனைவரும் இச்சட்டத்தை நிறைவேற்ற உதவ வேண்டும் என்று அது பணித்தது. அடிமைமுறையைத் தொலைவில் நிகழும் தீமையாகக் கருதி ஒதுங்கியிருந்தவர்களுக்கு ஒதுங்கும் இடம் அத்துடன் பறிபோயிற்று.

‘மேலான சட்டம்’ என்ற தொடர் இந்தச் சட்டம் நிறைவேறுவதற்கு ஆறு மாதம் முன்பே, 1850 மார்ச் 11 அன்று, நியூயார்க் செனட்டர் வில்லியம் சீவார்டின் உரையால் நாடெங்கும் பரவியிருந்தது. அரசியலமைப்பைக் காட்டிலும் மேலான ஒரு சட்டம் உண்டு என்று அவர் கூறியதை எதிரிகள் கலகக் குரலாக எடுத்துக்கொண்டனர். பிற்காலத்தில் ஆதரவாளர்கள் சிலரும் அவ்வாறே எடுத்துக்கொண்டனர். அவர் உரையை முழுமையாக நோக்கினால் கிடைக்கும் பொருள் இதைவிட அடக்கமானது. புதிய நிலப்பகுதிகளை நீதிக்கும் விடுதலைக்கும் உரியவையாக அரசியலமைப்பே ஆக்கியிருக்கிறது, அதற்கு மேலான சட்டமும் அதே நோக்கத்தையே விதிக்கிறது என்பதுதான் அவர் வாதம். இரண்டும் ஒன்றையொன்று மோதும்போது எதைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு அவர் அன்று விடை சொல்லவில்லை. மொழியை அளந்து பேசத் தெரிந்த அரசியல்வாதி விடை சொல்லாமல் விட்டதைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அந்தத் தொடர் அவர் கையை விட்டுச் சென்றுவிட்டது. 1860-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் வாய்ப்பு அவரைத் தாண்டி லிங்கனுக்குப் போனதற்கு, அவர் தீவிரவாதி என்று அத்தொடர் ஏற்படுத்திய பெயரும் ஒரு காரணம்.

சீவார்டுக்கு நான்கு நாள் முன்னதாக, மார்ச் 7 அன்று, மாசசூசெட்ஸ் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் சமரசத்தை ஆதரித்துப் பேசியிருந்தார். அடுத்த ஆண்டு விர்ஜினியாவில் பேசியபோது, மேலான சட்டம் என்பது அலெகேனி மலைமுகடுகளுக்கும் மேலே, கழுகும் எட்டாத உயரத்தில் எங்கோ இருப்பதாக அவர் செய்த கேலிக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது. கேலியின் அடியில் ஒரு வலுவான வாதமும் இருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியைச் சட்டத்துக்கு மேல் வைத்தால் ஒன்றியம் குலையும், ஒன்றியம் குலைந்தால் அடிமைக்கும் நன்மை விளையாது என்பதே அது. மறைநூல் கற்றவர்களும் இரு அணியாகப் பிரிந்தனர். தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்புக்கொடுக்கலாகாது என்று உபாகமத்தின் 23-ஆம் அதிகாரத்தில் நேரடியான கட்டளை இருப்பதை அடிமைமுறை ஒழிப்பியக்கத்தார் எடுத்துக்காட்டினர். ஆண்டோவர் இறையியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மோசஸ் ஸ்டுவர்ட், அக்கட்டளை புறமத எஜமானரிடமிருந்து ஓடிவந்தவருக்கே பொருந்தும் என்று கூறி, பவுல் அப்போஸ்தலர் ஒநேசிமுவைப் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியதை எதிரே வைத்தார். ஒரே நூலைக் கையில் வைத்திருந்தவர்கள் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தது, மேலான சட்டத்தை எங்கே வாசிப்பது என்ற பழைய இடரைத் தெளிவாகக் காட்டியது.

ஆயினும் இக்காலத்தின் உண்மையான வேதனை பிரசங்க மேடையைக் காட்டிலும் நீதிபதியின் இருக்கையில்தான் இருந்தது. அடிமைமுறை இயற்கைச் சட்டத்துக்கு முரணானது என்பதை அந்நாளின் முதன்மையான நீதிபதிகள் பலர் மறுக்கவில்லை. வெளிப்படையாக எழுதியும் இருந்தனர். அடிமை வாணிகம் இயற்கைக்கு மாறானது என்று ஒப்புக்கொண்ட தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், 1825-இல் ‘ஆன்ட்டிலோப்’ கப்பல் வழக்கில், நீதிபதி அறநெறியாளரின் வழியில் அன்றிச் சட்டத்தின் வழியிலேயே விடை தேட வேண்டும் என்று எழுதினார். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா இவ்வகையில் மிகக் கூர்ந்து நோக்கத்தக்கவர். 1836-இல், நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாஸ்டனுக்கு எஜமானியால் அழைத்துவரப்பட்ட மெட் என்னும் சிறுமியை விடுவித்து, அடிமைமுறை இயற்றுசட்டத்தை மட்டுமே சார்ந்தது என்னும் மான்ஸ்ஃபீல்டின் நெறியை அமெரிக்க மண்ணில் நிலைநாட்டியவர் அவரே. எஜமானியே அழைத்துவந்ததால் அச்சிறுமி தப்பியோடியவர் ஆகவில்லை. எனவே அரசியலமைப்பின் விதி குறுக்கிடவில்லை. குறுக்கிட்டபோது என்ன நேரும் என்பது பதினைந்தாண்டு கழித்துத் தெரிந்தது.

1851 ஏப்ரலில் ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்த தாமஸ் சிம்ஸ் பாஸ்டனில் பிடிபட்டார். கூட்டம் அவரை மீட்டுவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினர். நீதிபதிகளும் அதன் அடியில் குனிந்து நுழைய நேர்ந்தது. சிம்ஸின் வழக்கறிஞர்கள் கேட்ட ஆட்கொணர்வு ஆணையை, அதாவது காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்திக் காவலுக்கான காரணத்தைக் காட்டுமாறு இடும் ஆணையை, ஷாவின் நீதிமன்றம் மறுத்தது. அரசியலமைப்பு மாநிலங்களுக்கிடையிலான ஓர் உடன்பாடு, அந்த விதி இல்லாமல் ஒன்றியமே உருவாகியிருக்காது, ஆகவே அதை மதிப்பது அமைதியின் விலை என்பது அவர் வாதத்தின் சாரம். ஏப்ரல் 12 விடியற்காலையில் காவலர் சூழக் கப்பலேற்றப்பட்ட சிம்ஸுக்குச் சவானா நகரில் பொது இடத்தில் 39 கசையடிகள் கொடுக்கப்பட்டன.

ஷாவைக் கோழை என்று ஒதுக்குவது எளிது; அது பொருந்தாது. தன் வெறுப்பையும் கடமையையும் அவர் நன்கு அறிந்தே பிரித்து வைத்தார். ஒழிப்பியக்கப் பேச்சாளர் வெண்டல் ஃபிலிப்ஸ் இத்தகைய நீதிபதிகளுக்கு மூன்றாவது வழியொன்றைக் காட்டினார்: சட்டத்தைத் திரித்துப் பொருள் கூறவும் வேண்டாம், மனச்சாட்சியை அடக்கித் தீர்ப்பளிக்கவும் வேண்டாம், பதவியை விட்டு விலகலாம். அந்த வழியில் நடந்தவர் அரிது. ஷாவின் மகளை மணந்த எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில், தம் இறுதிக் காலத்தில் எழுதிய குறுநாவலில், குற்றமற்ற உள்ளம் என்று அறிந்தும் சட்டத்தின் பேரால் ஓர் இளம் மாலுமியைத் தூக்கிலிடச் செய்யும் கப்பல் தலைவனைப் படைத்தார். அப்பாத்திரத்தின் பின்னால் மாமனாரின் நிழல் இருப்பதாகப் பிற்காலச் சட்ட வரலாற்று அறிஞர் சிலர் கருதுவது தள்ளத்தக்கதன்று.

மேலான சட்டத்தைப் பற்றிய நூல்கள் பிரசங்கிகளையும் எழுத்தாளர்களையும் முன்னிறுத்தியே எழுதப்படுவதால், அச்சட்டத்தின் பேரால் முதலில் கை நீட்டியவர்கள் யார் என்பது மங்கிப்போகிறது. சிம்ஸுக்கு இரண்டு மாதம் முன், 1851 பிப்ரவரி 15 அன்று, பாஸ்டனில் ஓர் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஷாட்ராக் மின்கின்ஸ் கைதானபோது, லூயிஸ் ஹேடனின் தலைமையில் கறுப்பினத்தவர் திரளாக நீதிமன்ற அறைக்குள் புகுந்து அவரைத் தூக்கிச் சென்றனர். அவர் மாண்ட்ரியல் போய்ச் சேர்ந்தார். ஹேடன் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா ஊரில், தானும் தப்பி வந்தவரான வில்லியம் பார்க்கரின் வீட்டை முற்றுகையிட்ட மேரிலாந்து உடைமையாளர் எட்வர்டு கோர்சச் கொல்லப்பட்டார். அரசு ராஜத்துரோக வழக்குத் தொடுத்தது. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹேன்வேயை ஜூரிகள் சில நிமிடங்களிலேயே விடுவித்ததும் ஏனைய ராஜத்துரோகக் குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. ஹேடனுக்கும் பார்க்கருக்கும் மேலான சட்டம் என்பது தத்துவ நிலைப்பாடு அன்று. தமக்காக ஒரு சொல் பேசவும் இடமளிக்காத சட்டத்துக்குத் தாம் கட்டுப்பட்டவர்கள் என்று அவர்கள் நினைக்கக் காரணமே இல்லை.

வெள்ளையரிடையே இதே தெளிவுக்கு வந்தவர்களும் உண்டு. 1846-இல் வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்த ஹென்றி டேவிட் தோரோ, அந்தச் செயலுக்கான நியாயத்தை 1849-இல் கட்டுரையாக்கினார். அதன் சுருக்கத்தைக் காந்தி 1907-இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டார் என்பதையும், டிரான்ஸ்வால் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர் என்பதையும் இங்கே சுட்டி நிறுத்தலாம். அது தனியே எழுதத்தக்கது. பாஸ்டன் போதகர் தியோடர் பார்க்கர், ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்த வில்லியம், எல்லன் கிராஃப்ட் இணையருக்கு 1850-இல் திருமணம் செய்துவைத்தபோது, மணமகனிடம் ஒரு விவிலியத்தையும் ஒரு கத்தியையும் கொடுத்தார். அந்த இரண்டும் ஒரே கையில் இருந்ததுதான் அக்காலத்தின் நிலை.

1854-இல் நிலைமை முற்றியது. மே 24 அன்று பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் பிடிபட்டார். இரண்டு நாள் கழித்து அவரை மீட்க நீதிமன்றக் கதவை உடைத்த கைகலப்பில் காவலர் ஒருவர் இறந்தார். ஜூன் 2 அன்று, குடியரசுத் தலைவர் பியர்ஸின் ஆதரவோடு திரட்டப்பட்ட படைவீரர்களும் கடற்படையினரும் பீரங்கியும் சூழ, ஏறத்தாழ 50,000 பேர் பார்த்து நிற்க, துக்கத்துக்கு அறிகுறியாகக் கறுப்புத் துணி தொங்கிய கட்டடங்களின் நடுவே பர்ன்ஸ் துறைமுகத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார். அடுத்த ஆண்டு பாஸ்டன் மக்கள் பணம் திரட்டி 1,300 டாலருக்கு அவருடைய விடுதலையை வாங்கினர். அவரைத் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்த ஆணையர் எட்வர்டு லோரிங், தாம் வகித்துவந்த மாநில நீதிபதிப் பதவியிலிருந்து 1858-இல் நீக்கப்பட்டார். பர்ன்ஸுக்குப் பின் பாஸ்டனிலிருந்து எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. சட்டம் நீக்கப்படாமலேயே அந்நகரில் செத்துப்போயிற்று.

விஸ்கான்சின் இன்னும் ஓர் அடி மேலே சென்றது. 1854 மார்ச்சில் மில்வாக்கி சிறையிலிருந்து ஜாஷுவா குளோவரை மக்கள் மீட்டனர். அதற்குத் தூண்டுகோலாக இருந்ததற்காகக் கைதான பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத்தை மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்ததோடு, மத்தியச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்றும் அறிவித்தது. 1859-இல் தலைமை நீதிபதி டேனியின் தலைமையில் ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. இங்கே ஒரு விந்தை கவனிக்கத்தக்கது: மத்தியச் சட்டத்தை மதிப்பிட மாநிலத்துக்கு உரிமையுண்டு என்று தெற்கு நெடுங்காலம் வாதிட்டுவந்திருக்க, அதே வாதத்தை இப்போது விஸ்கான்சின் எடுக்க, மத்திய அதிகாரத்தின் மேன்மையைத் தெற்கு போற்றியது. கொள்கைகள் இடம் மாறுவது அரசியலில் புதிதன்று. இவ்வளவு முழுமையாக மாறியது அரிது.

ஒஹையோவில் 1858 செப்டம்பர் 13 அன்று, ஓபர்லின் ஊரிலிருந்து வஞ்சகமாக அழைத்துச் செல்லப்பட்ட ஜான் பிரைஸை, கல்லூரி மாணவரும் ஊராரும் அருகிலுள்ள வெலிங்டனுக்கு விரைந்து சென்று மீட்டுக் கனடாவுக்கு அனுப்பினர். 37 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது; இருவரே விசாரிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான கறுப்பின ஆசிரியர் சார்லஸ் லாங்ஸ்டன் (கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் தாய்வழிப் பாட்டனார்) தண்டனைக்கு முன் ஆற்றிய உரை, இத்தலைமுறையின் மேலான சட்ட இலக்கியத்தில் எந்தப் பிரசங்கத்தையும் விஞ்சியது. சொந்த வாய்மொழிக்கு மதிப்பில்லாத இச்சட்டத்தின் கீழ் எந்தக் கறுப்பு மனிதரையும் அடிமை என்று கூறிக் கொண்டுசெல்லலாம், சுதந்திரமாகப் பிறந்த தானும் அதற்கு விலக்கல்லன் என்று காட்டி, அண்டைவீட்டாருக்குத் தான் செய்ததைத் தனக்கு நேரும்போது பிறரிடம் எதிர்பார்ப்பதாக அவர் முடித்தார். நெகிழ்ந்த நீதிபதி 20 நாள் சிறையும் 100 டாலர் அபராதமும் மட்டுமே விதித்தார். உடன் விசாரிக்கப்பட்ட வெள்ளையர் சைமியன் புஷ்னெலுக்கு 60 நாளும் 600 டாலரும்.

அவர்கள் ஆட்கொணர்வு ஆணை கேட்டு மனுச் செய்தபோது ஒஹையோ உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தது. தீர்மானிக்கும் வாக்கை வைத்திருந்த தலைமை நீதிபதி ஜோசப் ஸ்வான் அடிமைமுறையை வெறுத்தவர். தப்பி வந்தவர் தம் வாசலில் நின்றால் ஒரு மனிதனாகத் தாமும் உதவக்கூடும் என்று தீர்ப்பிலேயே குறிப்பிட்டு, நீதிபதி என்ற நிலையில் அந்தச் சட்டத்தை மீற முடியாது என்று மனுவைத் தள்ளினார். அவருடைய குடியரசுக் கட்சி அவரை மறுபடி வேட்பாளராக நிறுத்த மறுத்துவிட்டது. ஷாவின் காலத்துக்கும் ஸ்வானின் காலத்துக்கும் இடையில் எட்டாண்டே. அதே தீர்ப்புக்குப் பாஸ்டனில் கிடைத்த மரியாதை ஒஹையோவில் கிடைக்கவில்லை.

1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கை, தப்பியவரை ஒப்படைக்கும் கடமையை வடமாநிலங்கள் கைவிட்டதைத் தன் முதன்மையான குறைகளுள் ஒன்றாக வைத்தது. வடக்கின் அரசியல் பிழைக்கு அதைவிடப் பிழையான சமய நம்பிக்கை ஒப்புதல் தந்துவிட்டது என்றும் குற்றஞ்சாட்டியது. லிங்கன் 1861 மார்ச் 4-ஆம் நாள் பதவியேற்புரையில் அவ்விதியை எடுத்துக்காட்டி, அதை மதிப்பதாகவே உறுதி கூறினார். போர் தொடங்கிய பின் வந்த 1862 மார்ச் மாதச் சட்டம், தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்பப் படையதிகாரிகளுக்குத் தடை விதித்தது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் 1864 ஜூன் 28 அன்றுதான் நீக்கப்பட்டது. பிரிந்து சென்ற மாநிலங்களின் உறுப்பினர்கள் அப்போது அவையில் இல்லை. அரசியலமைப்பின் நான்காவது பிரிவில் இருந்த விதியைப் பொருளற்றதாக்கியது 1865 டிசம்பரில் ஏற்கப்பட்ட 13-ஆம் திருத்தம். அதன் வாசகத்தை வகுக்கையில் செனட்டில் எழுந்த வாதங்கள் அடுத்த பகுதிக்கு உரியவை.